மூன்று மணி நிழல்

ஆபீசில் அவளுக்கு நிழலம்மா என்று பேர். கட்டப்போகிற கட்டடத்தின் நிழல், வருடத்திலேயே குறுகிய பகலில், எந்தெந்த மணிக்கு யார் வீட்டு மேல் விழும் என்று வரைந்து கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. இல்லாத கட்டடத்துக்கு நிழல் வரைகிறவள் என்று கேலி பேசுவார்கள். பேசட்டுமே! அந்தப் படம் இல்லாமல் நகராட்சியில் ஒரு செங்கல் வைக்கவும் அனுமதி கிடையாது.

அன்று பத்தரைக்கு நகராட்சியில், ஆறு மாடிக் கட்டடம் ஒன்றுக்கு அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபணையைக் கேட்கும் விசாரணை. ஒன்பது மணிக்கு ஃபைலை அடுக்கும்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மனையை அளக்கப் போன அன்று, மூன்று மணிக்குத் தெருவிளக்குக் கம்பத்தின் நிழலைப் போனில் படம் எடுத்திருந்தாள். அதே நாளையும் நேரத்தையும் கணினியில் போட்டு, இரண்டு நிழலும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். இந்த முறை முதலாளி ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று உயிரை எடுத்ததில் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். போனில் கம்பத்தின் நிழல் கேட்டைத் தொட்டது. கணினியில் இரண்டடி தள்ளி விழுந்தது. சர்வேயர் வரைபடத்தில் இருந்தது காந்த ஊசி காட்டுகிற வடக்கு. அதை உண்மையான வடக்குக்குத் திருப்பாமலே விட்டிருக்கிறாள். பத்து வருடத்தில் முதல் தடவை! வடக்கைத் திருப்பிப் போட்டாள். பக்கத்துக் காலி மனையில் கிடந்த கட்டடத்தின் மூன்று மணி நிழல் நகர்ந்து, பின்வீட்டுத் தையல்காரம்மாவின் ஜன்னலை முழுசாக மூடியது.

அந்த ஜன்னலின் உயரத்தை அளக்கப் போனதும் இவள்தான். “இந்த வெளிச்சத்துலதான் கண்ணு ஊசி கோக்கிறேன். அது போயிடாதே?” என்று அந்த அம்மா கேட்டார். “பொட்டு நிழல் விழாதும்மா, நான் கேரண்டி” என்று பெரிய மனுஷி மாதிரி வாயை விட்டுவிட்டு வந்தாள்.

காரில் போகும்போது முதலாளியிடம், “சார், படம் தப்பு” என்றாள்.

“அங்க வாயத் திறந்தே, நாளைலேருந்து வேற வேலை பாத்துக்கோ.”

விசாரணை அறையில் அதிகாரி, “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்று கேட்டார். தையல்காரம்மா எழுந்தார். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன் என்று இவள் மனசுக்குள் கெஞ்சினாள்.

“எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. இந்தப் படமெல்லாம் எனக்குப் புரியாது. அந்தப் பொண்ணு நேர்ல வந்து பாத்துட்டுச் சொன்னா. அது போதும்.”

முதலாளி ஃபைலை மூடினார். இவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“உட்காராதீங்கம்மா! நான் சொன்னது தப்பு. ஆட்சேபணை இருக்குன்னு சொல்லுங்க.”