வெற்றிலையில் தெரிந்த முகம்

பெரியப்பா வெற்றிலை மேல் குனிந்திருந்த விதம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. வெற்றிலையில் கறுப்பு மை தடவியிருந்தது. மையில் திருடனைக் காட்டும் நாமகிரிப்பேட்டை மைக்காரர் வீட்டில் உறவுக்காரர்கள் சுற்றி நின்றோம். காணாமல் போனது பெரியப்பாவின் லாரி. “மனசு கொதிக்கோணுங்க. ஆறிப்போன மனசுக்கு மை ஒண்ணுங் காட்டாதுங்க,” என்றார் மைக்காரர். கொதிப்புக்குப் பெரியப்பாவிடம் குறைவில்லை. முந்தின வாரம்தான், கிளீனரை அவர் செருப்பால் அடித்தபோது, அவரிடமே டிரைவராக இருந்த என் அப்பா நாலு பேர் முன்னால் கையைப் பிடித்துத் தடுத்திருந்தார். மையை உற்றுப் பார்த்துவிட்டுப் பெரியப்பா நிமிர்ந்தார். “எந்தம்பிதான். வண்டிய எடுத்துட்டுப் போறான். மூஞ்சி பளிச்சுனு தெரியுது.”

லாரி போன அன்று அப்பா சேலம் ஆஸ்பத்திரியில், காய்ச்சலில் கிடந்த என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அதை அங்கேயே எல்லோரிடமும் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளையின் பேச்சு யார் காதில் ஏறும்? அதன்பின் நாமக்கல்லில் எந்த லாரிக்காரரும் அப்பாவுக்கு ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. அம்மாபேட்டையில் மூட்டை தூக்கினார். திருடன் என்ற பெயரோடுதான் செத்தார்.

பெரியப்பா நடித்ததாக நான் நினைத்ததே இல்லை. வெறுப்பு முற்றிய மனசுக்கு எதைக் காட்டினாலும் வெறுக்கிற முகம்தான் தெரியும். எனக்குத் தெரியாதா? முப்பது வருடமாகக் கண்ணை மூடினால் எனக்குப் பெரியப்பாதான் தெரிகிறார். மன்னித்துவிடு என்கிறாள் அம்மா. மாட்டேன்.

இப்போது சேலத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கிறேன். போன மாதம் என் எதிரே வந்து உட்கார்ந்தார் பெரியப்பா. இரண்டு கண்ணிலும் புரை. எழுத்து எதுவும் பிடிபடவில்லை. என் குரல் மட்டும் எதையோ கிளறியிருக்க வேண்டும். “யாருன்னு வெளங்கலியே, அம்மிணி?” என்றார்.

“ஆஸ்பத்திரில இருந்த எங்கப்பாவ வெத்தலைல பாத்தீங்களே, பெரியப்பா. ரண்டடி தூரத்துல இருக்கற என்னயத் தெரியலீங்களா?”

அவர் கை நாற்காலிப் பிடியைத் தேடியது. பிறகு மெதுவாகச் சொன்னார்: “மையில ஒண்ணுமே தெரியல, சாமி. ஆத்திரத்துல உம்பட அப்பன் பேரு வாயில வந்துருச்சு.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவருடைய மகன்கள் இருவரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து வைத்தேன்.

“இன்னொருக்கா சொல்லுங்க, பெரியப்பா. சத்தமா.”