கண்மாய்க்குள் கேட்ட விசில்

எழுபதுகளின் கடைசியில், திருநகரிலிருந்து தினமும் பஸ் பிடித்து நான் வேலைக்குப் போன இடம் ஒரு கண்மாய். திருமங்கலத்துக்கு மேற்கே, கரைமேலேயே பஸ் ரோடு போகும் பெரிய கண்மாய். அதில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று படகில் போய் அளக்க வேண்டும். படகில் நாங்கள் மூன்று பேர். சர்வேயர் அளவுகோலைத் தண்ணீருக்குள் இறக்கி ஆழம் சொல்வார். நான் நோட்டில் எழுதுவேன். பக்கத்துக் கிராமத்துப் படகோட்டி மூங்கில் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார். நீச்சல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

வேலையில் சேர்ந்த அன்றே எங்கள் அதிகாரி ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உள்ளே ஒரு விசில், ஒரு சிவப்புத் துணி, உள்ளங்கை அகலக் கண்ணாடி, தடித்த மெழுகுவர்த்தி மாதிரி மூன்று குழல்கள். குழலின் மூடியைக் கழற்றி, அதன் சொரசொரப்பான பக்கத்தில் தீக்குச்சி போல உரசினால் சிவப்பாக எரிந்து புகை கக்குமாம்.

"ஆபத்துன்னா இதை வச்சுத்தான் ஆளைக் கூப்பிடணும். படகு தண்ணியில இருக்கிற வரைக்கும் பெட்டி உங்க மடியில இருக்கணும்" என்றார்.

பெட்டிக்குள் இருந்த அச்சுத்தாளை நான் பாடப்புத்தகம் போல மனப்பாடம் செய்துவிட்டேன். குழல்களை வெயிலில் வைக்கக் கூடாது, ஈரமும் படக் கூடாது. திங்கள்கிழமைதோறும் அவற்றை வெளியே எடுத்துத் துடைத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, மடிப்பின் மேல் மெழுகு உருக்கி ஊற்றுவேன். விசிலுக்குள் உருளும் தக்கை ஈரத்தில் உப்பிச் சிக்கிக்கொள்ளும். ஊதிப் பார்த்து உலர வைப்பேன். கண்ணாடியை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பழகினேன். ஒரு கையை நீட்டி, இரண்டு விரல்களைக் கவட்டை போல விரித்து, யாரைக் கூப்பிட வேண்டுமோ அவரை அந்த இடைவெளிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் விழும் வெயில் அந்த விரல்களின் மேல் படும்படி ஆட்டினால் ஒளி நேராக அவர் முகத்துக்குப் போகும். எதிர்வீட்டு மாமியின் முகத்தில் இரண்டு முறை அடித்துவிட்டு ஓடி ஒளிந்தேன்.

படகோட்டிக்கு இதெல்லாம் வேடிக்கை. "இம்புட்டுத் தண்ணிக்கு இம்புட்டுச் சாமானா? நான் ஒரு சத்தம் குடுத்தா ஊரே வரும் தாயி" என்பார். விசில் பெட்டியோடு என்னைக் கண்டதும் "கண்டக்டரம்மா வந்துட்டாக, ஏறுங்கய்யா" என்று சர்வேயரிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். ஆனாலும் பெட்டியை விட்டதில்லை.

ஐப்பசி மழை கொட்டி ஓய்ந்து கண்மாய் நிறைந்து கிடந்த ஒரு நாள், காலை பத்து மணிக்கு நடுக் கண்மாயில் இருந்தோம். திடீரென்று காற்று கிளம்பியது. படகோட்டி ஊன்றிய கழி சேற்றில் மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க இழுக்க, படகு முன்னால் போக, கழி பின்னால் நின்றுவிட்டது. காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போய், தண்ணீருக்குள் தலைமட்டும் காட்டி நின்ற கருவேல மரங்களுக்குள் சொருகியது. கீழே ஏதோ கட்டை இடித்த சத்தம். பார்த்தால், என் செருப்பு மிதக்கிறது.

சர்வேயர் அளவுகோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இங்க ஆழம் எம்புட்டு?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "பதினோரு அடி சார்."

"கேட்டிருக்கவே கூடாது" என்றார்.

படகோட்டி தன் துண்டைச் சுருட்டி ஓட்டையில் திணித்தார். தண்ணீர் குறைந்ததே தவிர நிற்கவில்லை. எழுந்து நின்று, ஊரே வரும் என்று தான் சொன்ன அந்தச் சத்தத்தைக் கொடுத்தார். கொக்குகள்தான் பறந்தன. பிறகு, எனக்கு இன்றைக்கும் பிடித்த அந்த வார்த்தையைச் சொன்னார்: "தாயி, பெட்டியத் தொற."

அப்போதுதான் கரைமேல் பஸ் வந்தது. மழையில் ரோடு குண்டும் குழியுமாகி, மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்து வந்தது. அச்சுத்தாளில் சொல்லியிருந்தபடி மூன்று முறை விசில் ஊதினேன். முதல் விசிலுக்கு பஸ் நின்றது. அடுத்த இரண்டு விசிலுக்குக் கிளம்பிவிட்டது!

எங்களுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் போ. டிரைவர் தன் கண்டக்டர் ஊதியதாக நினைத்துவிட்டார்.

"ஒண்ணு மட்டும் ஊதுங்கம்மா! ஒண்ணோட நிறுத்துங்க!" என்று சர்வேயர் கத்தினார்.

மூச்சைப் பிடித்து ஒன்றே ஒன்று ஊதினேன். பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி முன்பக்கம் ஓடுவதும், டிரைவர் தலையை நீட்டி அவரோடு சண்டை போடுவதும் தெரிந்தது. கண்ணாடியை எடுத்து, இரு விரல்களுக்கு நடுவில் பஸ்ஸை நிறுத்தி, ஜன்னல் ஜன்னலாக ஒளி அடித்தேன். தலைகள் திரும்பின. சிவப்புத் துணியைப் படகோட்டி ஆட்டினார். யாரோ ஒருவர் பதிலுக்குக் கை ஆட்டினார். ஏதோ கட்சிக்காரர்கள் என்று நினைத்தாராம்.

முதல் குழலை உரசினேன். பற்றவில்லை. அத்தனை மெழுகு ஊற்றியும் எங்கே ஈரம் புகுந்ததோ! இரண்டாவதை எடுத்தேன். ஒரே உரசலில் சீறிக்கொண்டு சிவப்பாகப் பற்றியது. படகுக்குள் பொறி விழாமல், காற்றுப் போகும் பக்கமாகக் கையை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டேன். புகை எழுந்ததும் கரையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது.

"ஏய், படகு முங்குதுடா!"

பஸ் முழுவதும் இறங்கிவிட்டது. நான்கு பேர் வேட்டியைத் தார்பாய்ச்சிக்கொண்டு குதித்தார்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கமலைக்குச் சந்தையில் புது வடம் வாங்கிவந்த விவசாயி ஒருவர் அதை அவிழ்த்துக் கொடுத்தார். நீந்தி வந்தவர்கள் படகை மரங்களிலிருந்து பிரித்து, பாதித் தூரம் தள்ளிவந்து, வடத்தை அதன் மூக்கில் கட்டினார்கள். கரையில் நின்ற ஆணும் பெண்ணும் தேர் இழுப்பது போல இழுத்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி, நோட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு, நான் ஊர்வலமாகக் கரை சேர்ந்தேன்.

ஒரு அக்கா தன் துண்டால் என் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினார். "பொம்பளப்பிள்ளைக்கு வேற வேலையா கெடைக்கல?" திட்டி முடித்ததும் தன் பையிலிருந்து ஒரு கை வறுத்த கடலை கொடுத்தார். படகோட்டி கண்டக்டரின் தோளில் கைபோட்டு, "மாப்ள, இந்தப் பெட்டியப் பத்தி ஒனக்குத் தெரியாது" என்று ஆரம்பித்துவிட்டார்.

கண்டக்டர் என்னிடம் வந்தார். "நல்லது நடந்துச்சும்மா. ஆனா வண்டி முக்கா மணி நேரம் லேட்டு. நான் டிப்போவுல என்னத்தச் சொல்ல? ஒரு லெட்டர் குடுங்க."

நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, நடந்ததை நான்கு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சர்வேயரும் போட்டார். பார்த்துக்கொண்டிருந்த, வடம் கொடுத்த விவசாயி, "நானும் சாட்சிதானே, நானும் கையெழுத்துப் போடுறேன், குடுங்க" என்றார். பிறகு வரிசையே நின்றது. எழுதத் தெரியாதவர்கள் என் பேனா மையைக் கட்டைவிரலில் தடவி ரேகை வைத்தார்கள். தாளின் பின்பக்கமும் நிறைந்தது.

ஒரு வாரம் கழித்து அதே பஸ்ஸில் ஏறியபோது கண்டக்டரிடம் என்ன ஆனது என்று கேட்டேன்.

"அதையேன் கேக்குறீக! லெட்டரப் படிக்காமலே, 'எந்த ஊருக்காரங்கய்யா இம்புட்டுப் பேரு பஸ் விடச்சொல்லி மனு போட்டிருக்காக'ன்னு கேட்டாரு எங்க மேனேஜர்" என்றார்.