ஐந்து நாடுகள் கையெழுத்திட்ட ஊர்

ஆம்பூர் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் இஷ்தியாக் அகமதுவின் மகள் ஹீனா, டாக்டருக்குப் படிக்கக் கஜகஸ்தானில் உள்ள செமேய் நகரத்துக்குப் போனாள். அந்த ஊருக்கு அப்பால் உள்ள புல்வெளியில் சோவியத் ராணுவம் நாற்பது ஆண்டுகள் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்திருந்தது என்பது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

புற்றுநோய் வார்டில் ஐகுல் என்ற மூதாட்டி இருந்தாள். சிறுமியாக இருந்தபோது தரை ஆடும், ஜன்னல் கண்ணாடி நொறுங்கும், வாத்தியார் எல்லோரையும் வெளியே படுக்கச் சொல்வார் என்றாள். பின்னாளில் தாயையும் தம்பியையும் புற்றுநோய்க்குக் கொடுத்தாள். அணு ஆயுதம் செய்வதில்லை, வாங்குவதில்லை, பிறருடையதை மண்ணில் வைக்க விடுவதுமில்லை என்று மத்திய ஆசியாவின் ஐந்து நாடுகள் ஒப்பந்தம் போட்டதும் அதே செமேயில்தான்.

"கையெழுத்துப் போட்டத டிவியில பார்த்தேன். அப்ப தம்பியைப் புதைச்சு ஒரு மாசம்கூட ஆகல" என்ற ஐகுல், "உங்க நாட்டுல குண்டு இருக்கா?" என்று கேட்டாள்.

ஹீனா "இருக்கு" என்றாள். ஐகுல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய ஹீனா, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான தேர்வெழுதித் தேறி ஒரு சின்ன கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். அடுத்த மே மாதம் எல்லையில் பக்கத்து நாட்டோடு சண்டை மூண்டது. தோல் ஷெட்டில் வேலை பார்க்கும் தனகோடி, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட வந்து காலை நீட்டியபடியே பேசினார்.

"ஒரே ஒரு அணுகுண்டு. போட்டா முடிஞ்சிது. இன்னா டாக்டரம்மா?"

புண்ணைத் துடைத்தபடியே ஹீனா ஐகுலின் கதையைச் சொன்னாள். எதிரிமேல் போட்டதல்ல, சொந்த மண்ணில் சும்மா சோதித்துப் பார்த்தது; அதற்கே இந்தக் கதி, அதனால்தான் அங்கே ஐந்து நாடுகள் குண்டே வேண்டாமென்று கையெழுத்துப் போட்டன என்றாள்.

தனகோடி எழுந்துவிட்டார். "உங்க ஆளுங்க வேற இன்னா சொல்லுவாங்க" என்று, பாதிக் கட்டோடு நொண்டிக்கொண்டே வெளியே போனார். உட்கார்ந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

விஷயம் இஷ்தியாக் காதுக்குப் போனது. "இந்த நேரத்துல நாம பேசக் கூடாதும்மா. பேஜாராயிடும்" என்றார். ஹீனாவுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதில் பொய் என்ன என்று எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

சண்டை நின்றது. தனகோடி வரவேயில்லை. அந்தப் புண்ணை அப்படியே விட்டால் காலையே எடுக்க வேண்டி வரும்.

"அப்பா, அவர் வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

இஷ்தியாக் வண்டிச் சாவியை எடுத்தார்.

தனகோடி கட்டிலில் படுத்திருந்தார். புண் சீழ் பிடித்து நாறியது. ஹீனாவைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பினார். ஆனாலும் காலை நீட்டினார். அவள் தரையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். வாசலிலேயே நின்ற இஷ்தியாக்குக்குத் தனகோடியின் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

அவள் புண்ணைக் கழுவும்போது தனகோடி கேட்டார்: "அந்த அஞ்சு நாட்டுக்காரங்க மாதிரி நம்ம பக்கம் யாரும் பேசிப் பாக்கலையா?"

"பேச்சு வந்துச்சுங்க. ஒத்துவரல" என்றாள் ஹீனா.

பிறகு கத்தரியை எடுத்தாள்.

"அழுகினத வெட்டணும். வலிச்சா சொல்லுங்க."

"சொல்றேன்மா" என்றார் தனகோடி.