போர்டில் நான் எழுதிய வரி

குன்னூரில் எங்கள் அலுவலகத்தில் மொத்தம் ஆறு பேர். சிறு தேயிலை விவசாயிகள் பறித்த கொழுந்தின் எடையைத் தாங்களே போனில் பதிந்துகொள்ள ஓர் ஆப் செய்துகொண்டிருந்தோம். டீமுக்குத் தலைமை நான். மஞ்சூரிலிருந்து ஒரு பெண்ணைப் புராடக்ட் மேனேஜராக எடுத்ததும் நான்தான். அவள் வீட்டுக்குச் சொந்தமாகத் தேயிலைத் தோட்டம் இருந்தது. "உங்களை மாதிரி தோட்டம் தெரிஞ்சவங்கதான் எங்களுக்கு வேணும்" என்று இன்டர்வியூவிலேயே சொன்னேன்.

அவள் சேர்ந்த அன்று, எல்லோருக்கும் உற்சாகம் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு, வெள்ளைப் போர்டில் பெரிதாக எழுதினேன்: தீர்வு இல்லாமல் பிரச்சினையோடு என்னிடம் வராதீர்கள். அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆடி மழையில் மஞ்சூர்க்காரர்களுக்கு ஆப்பைக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் எல்லோரும் கைவிட்டார்கள். நனைந்து, கொழுந்துக் கறை ஏறிய விரலுக்குத் திரை அசையவே இல்லை. மீட்டிங்கில் கத்தித் தீர்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியுமுங்க. மொத மழையிலயே அம்மாகிட்டக் குடுத்துப் பார்த்தனுங்க."

"அப்பறம் ஏன் வாயைத் தொறக்கல?"

அவள் போர்டைப் பார்த்தாள். "ரெண்டு மாசமா யோசிச்சனுங்க. தீர்வு கெடைக்கலைங்க."

மற்ற நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. இப்போது என் கையிலும் பிரச்சினை மட்டும்தான் இருந்தது. நான் எழுதிய வரிப்படி, நானும் வாயைத் திறக்கக் கூடாது.