கரண்டி மழை

என் கணவருக்கு முன்னால் ஒரு அளவைத் தப்பாகச் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக நகர்ந்துவிட முடியாது. சேலத்துக்கு மேலே மலையில், கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். காலை எட்டு மணி அடித்ததும் ஆபீஸ் வாசலில் இருக்கும் மழைமானியைத் திறந்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றி, எத்தனை இஞ்சு எத்தனை சென்ட் என்று எழுதுவார்; நூறு சென்ட் ஒரு இஞ்சு. முதலாளியே வந்து “ஒரு இஞ்சு இருக்குமா?” என்று கேட்டாலும், “தொண்ணூத்தி நாலு சென்டுங்க” என்பார். கல்யாணமான புதிதில், அரை மணி நேரமாகக் காத்திருக்கிறேன் என்று நான் சிணுங்கியபோது, இருபத்திரண்டு நிமிஷம்தான் என்று திருத்தினார். அப்போதே நான் எங்கள் அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறியிருக்கலாம்.

எண்பதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம் ஓய்வு பெற்றார். வேலையோடு குவார்ட்டர்ஸும் போனது. மஞ்சக்குட்டையில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தோம். மகள்கள் இருவரும் கீழே சேலத்திலும் ஈரோட்டிலும் குடும்பமாகிவிட்டார்கள். எஸ்டேட்டில் புது மழைமானி வாங்கியிருந்ததால், நசுங்கிப்போன பழையதை இவர் கேட்டு வாங்கி வந்தார். நான்தான் அதை வாசலில் நட்டேன். அவர் ஒருநாள்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் பனி மூடியதும் மனிதர் அப்படியே சாய்ந்துவிட்டார். விடிவதற்கு முன்பே விழித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். சவரம் கிடையாது. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவார். குளிருக்கென்று சாயங்காலம் இரண்டு மூடி பிராந்தியில் ஆரம்பித்தது. பிறகு மூடியே காணாமல் போனது. ஒருநாள், “நான் இருந்து என்ன ஆவப்போவுது புள்ள?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்: பனி தலைக்கேறிவிட்டது. ஆளுக்கொரு மஃப்ளர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் மூன்றையும் சுற்றிக்கொண்டு படுத்திருந்தார். எங்கள் மலையில் மனசுக்கு ஒன்று என்றால் மண்டையைத்தான் மூடுவார்கள்.

ஒரு காலை, காப்பிப் பழம் பறிக்கப் போகும் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “ஏனுங்கக்கா, நேத்து மழ நொம்பங்களா?” என்றாள். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, “மூணு இஞ்சு இருக்கும் கண்ணு” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஒன்னேகால் கூட வராது. ஓட்டு மேல உழுவுற சத்தங் கேட்டாத் தெரியாதா?”

நான்கு நாளில் அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. “மூணேதானுங்க. நான் தொறந்து பாத்தேன்” என்றேன். நான் பார்க்கவே இல்லை. கட்டில் கிரீச்சிட்டது. மூன்று மஃப்ளரோடு வாசலுக்கு வந்து, மழைமானியைத் திறந்து, அளந்து, “ஒன்னு பதினெட்டு” என்று சொல்லி என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போய் மறுபடி படுத்துக்கொண்டார். போகட்டும், எனக்கு வழி தெரிந்துவிட்டது.

டாக்டரிடம் போகலாம் என்றால் வரமாட்டார். ஆகவே எனக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. “நரம்பு டாக்டருங்க, தொணைக்கு வாங்க” என்று சேலத்துக்கு அழைத்துப் போனேன். அவர் மனநல டாக்டரும்தான் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். டாக்டர் எனக்கு என்ன தொந்தரவு என்று கேட்டதும், விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடுகிறது, சோறு இறங்குவதில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று வரிசையாக அடுக்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு முகம் சிவந்தது.

“பொய் சொல்றாளுங்க டாக்டர்! ஏழு மணி வரைக்கும் கொறட்டை உட்டுத் தூங்குறா. மூணு மணிக்கு முழிச்சுக் கெடக்குறது நானுங்க. சோறு எறங்காததும் எனக்குத்தானுங்க!”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் மெதுவாகத் தன் நாற்காலியை இவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேலை எப்போது விட்டீர்கள், யாரிடம் பேசுவீர்கள், எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். இவர் பிராந்திக்குக்கூடச் சரியான அளவு சொன்னார். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டார்.

“எங்கய்யனுக்கு இருந்துதுங்க. ஒரு மழைக்காலம் பூரா பேசாம இருந்தாரு. பொறகு ஒருநாள் பாறை மேல இருந்து தவறி உழுந்துட்டாருன்னு சொன்னாங்க.” மஃப்ளரின் நுனியைத் திருகினார். “தவறி உழுவலீங்க.”

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தன் அப்பாவைப் பற்றி என்னிடம் அவர் இதைச் சொன்னதே இல்லை. என் குறும்பெல்லாம் அந்த நிமிஷத்தில் ஒடுங்கிவிட்டது. இவரை நான் இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இது சோம்பலும் இல்லை, பனியும் இல்லை, வியாதி. குடும்பத்தில் இருந்தால் வர வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதோடு பிள்ளைகளும் பக்கத்தில் இல்லை, வேலை போனதும் வீடு மாறியதும் ஒரே வருடத்தில் சேர்ந்துகொண்டது, மேலே பிராந்தி வேறு. மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நாமாக நிறுத்தக் கூடாது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஊட்டுல பூச்சி மருந்து இருந்தா இன்னைக்கே வெளிய குடுத்துருங்கம்மா. பகல் வெளிச்சத்துல தெனமும் நடக்க வைங்க. நாலு மனுசங்களப் பாக்க வைங்க” என்றார். பூச்சி மருந்து டப்பா அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக்குப் போனது. பிராந்தி சாக்கடைக்குப் போனது. பாட்டில் எப்படி உடைந்தது என்று அவர் கேட்டபோது பூனை என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது.

நடக்க வைப்பதுதான் பெரும்பாடு. அதற்குத்தான் கரண்டி. ஒரு குழிக்கரண்டித் தண்ணீர் அந்த மழைமானியில் கால் இஞ்சு மழை. ஏழரை மணிக்கு ஊற்றிவிடுவேன். எட்டு மணிக்கு ஏதாவது ஒரு தப்பான அளவைச் சொல்வேன், இவர் எழுந்து வந்து அளப்பார். எஸ்டேட்டுக்கும் பால் ஊற்றிவிட்டு வரும் பால்காரரிடம் அங்கே மழை எவ்வளவு என்று விசாரித்தால், எங்கள் கணக்கோடு கால் இஞ்சு உதைக்கும். “புது ரைட்டருக்கு அளக்கத் தெரியல!” என்று சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு மைல் நடப்பார். அங்கே சண்டை, பிறகு டீ, பிறகு பழைய ஆட்களோடு பேச்சு. மதியம் பசியோடு வருவார். மாத்திரையும் வேலை செய்தது, கரண்டியும் செய்தது. எது எவ்வளவு என்று என்னால் அளக்க முடியாது.

மார்கழியில் ஒருநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. முந்தின நாளும் ஒரு பொட்டு மழை இல்லை. நான் கைப்பழக்கத்தில் ஊற்றிவிட்டேன். இவர் அளந்தார். வானத்தைப் பார்த்தார், காய்ந்து கிடந்த வாசலைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

“நம்ம ஊட்டுக்கு மட்டும் கால் இஞ்சு பேஞ்சிருக்குது புள்ள” என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிவிட்டார். எத்தனை நாளாக அவருக்குத் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, அடுத்த ஆவணியில் மாத்திரையை நிறுத்தினோம். மறுபடி ஐப்பசி பிறந்ததும் நான் உளவுக்காரியாகிவிட்டேன். தட்டில் எவ்வளவு சோறு மிச்சம், சவரம் செய்தாரா, எத்தனை மணிக்குப் புரண்டார் என்று கண்ணை மூடிக்கொண்டே கவனித்தேன். என்ன பொய் சொல்லிப் பஸ் ஏற்றுவது என்றுகூட இரண்டு மூன்று யோசித்து வைத்திருந்தேன்.

ஒரு காலை அவரே அடுப்படிக்கு வந்து நின்றார்.

“நாலு நாளாத் தூக்கம் செரியில்ல புள்ள. நேத்து சோறும் எறங்கல. போன வருசமாட்டவே வருது. டாக்டர்கிட்டப் போயிரலாமா?”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு சொன்னார், “எங்கய்யன் யாருகிட்டயும் சொல்லல. நான் உங்கிட்ட சொல்லோணும்னு தோணுச்சு.”

முந்தின வருடம் முழுக்க வராத அழுகை அப்போது வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு அவரோடு பஸ்ஸுக்குப் போனேன்.