துடக்குக்குள் எழுதிய உறுதி

என் மனைவி அந்தக் கடனை வாங்கியபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஏனென்றால் எனக்கு எதுவும் தெரியாது என்று பிற்காலத்தில் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு மகனை ஜேர்மனிக்கு அனுப்பக் காசு தேவைப்பட்டது. மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையிலேயே மனைவியின் சிநேகிதி ஒருவர் இருந்தார், கணவனை இழந்தவர். தன் மகளின் கல்யாணத்துக்கென்று வங்கியில் போட்டிருந்ததை எடுத்துவந்து கொடுத்தார். எழுத்து ஒன்றும் வேண்டாம் என்றார். மனைவிக்குத்தான் மனம் கேட்கவில்லை.

"அச்சுவேலித் தோட்டக்காணி எங்கடை ரெண்டு பேற்றை பேரிலையும் கிடக்கு, அக்கா. அதுதான் உங்களுக்குப் பொறுப்பு. எனக்கு ஒண்டு நடந்தாலும் இவர் தருவார். என்னப்பா?"

"ஓம்" என்றேன்.

கடனில் ஒரு சதமும் கொடுபடாமலே மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு வந்தது அந்த அக்கா வீட்டிலிருந்துதான். காசுக் கதையை அவர் எடுக்கவேயில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை, சாவுத் தீட்டு இருக்கும் துடக்கு வீட்டில் கடன் கேட்பது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை.

அவருடைய அந்த மரியாதையை நான் அவகாசமாக எடுத்துக்கொண்டேன்.

என் மகளுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தோட்டக்காணியைச் சீதனமாகக் கேட்டார்கள். அதை விற்றுக் கடனைக் கொடுத்தால் கல்யாணம் குழம்பும். மனைவியின் பாதி பிள்ளைகளுக்குப் போகும். என் பாதியையும் மகளுக்கு எழுதிவிட்டால் என் பேரில் ஒன்றும் இராது. காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு தயங்கினார்.

"துடக்குக் கழியட்டுமே, மாஸ்டர். சீதன உறுதியல்லோ?"

"நாட்டு நிலைமை தெரியுந்தானே. ஆர் எப்ப இருப்பம் எண்டு சொல்லேலாது" என்றேன். நாட்டு நிலைமை எனக்கும் கைகொடுத்தது.

கீரிமலையில் அந்தியேட்டி செய்துவிட்டு வந்த மறுநாள் காலை அக்கா வந்தார். வாசலிலேயே நின்றார்.

"மாஸ்டர், கேக்கக் கூச்சமாய்த்தான் கிடக்கு. பிள்ளைக்கு ஒரு இடத்திலை பேசி வந்திருக்கு."

நான் வகுப்பில் விளக்குவதுபோல விளக்கினேன். அவ வாங்கின கடனுக்கு அவவின்ரை பங்குதான் பொறுப்பு, அது இப்ப பிள்ளையளின்ரை, என்ரை பங்கும் மகளுக்கு எழுதியாச்சு என்றேன்.

"எப்ப எழுதினியள்?"

"போன கிழமை."

அவர் என்னைப் பார்த்தார். "துடக்கோடையோ சீதனம் எழுதினியள்? துடக்கெண்டு கோயில் வாசலுக்கு வரமாட்டன் எண்ட மனிசன், நொத்தாரிசு வாசலுக்குப் போனியளோ? படிச்ச படிப்பு நல்லாய்த்தான் உதவியிருக்கு."

திரும்பிப் போய்விட்டார். அவர் மகளுக்குப் பேசிய சம்பந்தம் அத்தோடு நின்றது. என் மகளின் கல்யாணம் நடந்தது. அக்காவுக்கும் சொல்லியனுப்பினேன். அந்த வெட்கங்கெட்ட காரியத்தையும் செய்தேன்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, சாவகச்சேரிப் பக்கம் ஒரு வீட்டு விறாந்தையில் அவர் தாயும் மகளுமாக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்போது மகன் எனக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்தான். உண்மையில் அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே அனுப்பினான். வாங்கிய தொகையோடு வட்டியும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் மகள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலைமயிர் நரைக்கத் தொடங்கியிருந்தது. அவள் நிமிரவில்லை.

அக்கா காசை வாங்கினார். ஒரு பகுதியைப் பிரித்து என் கையில் திருப்பி வைத்தார்.

"வட்டி வேண்டாம். உங்கடை மனிசியோடை நான் வட்டி கதைக்கேல்லை."

நான் அதை மறுபடி நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அண்டைக்கு அவ கேக்க, நீங்களும் ஓமெண்டனீங்கள். ஞாபகம் இருக்கோ, மாஸ்டர்?"

அவர் மகள் புடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"ஓம்" என்றேன்.

"அது காணும், எனக்குப் போதும்" என்றார் அக்கா. இருக்கச் சொல்லவில்லை. வட்டிக் காசைக் கையில் பிடித்தபடியே சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தேன்.