மரேனின் கறுத்த விரல்கள்

பாப்ஸ்லெட்காரர்கள் யாரையும் நம்புவதில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. குளிர்காலத்தில் பனிக்கட்டிப் பாதையில் சறுக்கு வண்டியில் தலைதெறிக்கப் போகும்போது எங்களுக்குப் பயம் வராது. கோடையில்தான் எல்லாப் பயமும். அடுத்தவள் எங்கே போகிறாள், யாரோடு சாப்பிடுகிறாள் என்று பார்த்துப் பார்த்தே மூன்று மாதத்தை ஓட்டிவிடுவோம். என் வண்டியின் சறுக்குக் கம்பிகள் நான்கும் எங்கள் வீட்டு நிலவறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால், பழைய போர்வையில் சுற்றிக் கிடக்கின்றன. சாவி எங்கே இருக்கிறது என்று என் கணவருக்குக்கூடத் தெரியாது. அவர் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் அவரையும் சந்தேகப்பட்டிருப்பேன்.

மரேன் ஓமே எங்கள் ஆல்டன்பெர்க்கில் தபால்காரி. காலை ஆறு மணிக்கு மலைக் கிராமங்களுக்குக் கடிதம் போடக் கிளம்பினால் மதியம் ஒரு மணிக்கு முடிப்பாள். இரண்டு மணிக்குப் பயிற்சிக்கு வரும்போதே கையில் ஒரு அவித்த முட்டை இருக்கும். நாளொன்றுக்கு எட்டு முட்டை, அரைக் கிலோ தயிர்க்கட்டி, ஒரு சட்டி உருளைக்கிழங்கு. எங்கள் விளையாட்டில் மெலிந்தவளுக்கு மரியாதை இல்லை. ஆளின் எடை குறைந்தால் வண்டியில் ஈயம் ஏற்ற வேண்டும், ஈயத்துக்குக் கால் கிடையாது. மரேனுக்கு இருந்தன. கடித மூட்டையைச் சுமந்து மேடேறி இறுகிய கால்கள்.

இருவர் வண்டியில் முன்னால் உட்கார்ந்து ஓட்டுபவள் நான். பின்னால் இருந்து தள்ளி ஓடிவந்து ஏறிக்கொள்பவள் அவள். கோடையில் பனி ஏது? தண்டவாளத்தில் சக்கரம் வைத்த வண்டியை வெயிலில் தள்ளித் தள்ளிப் பழகுவோம். செப்டம்பர் முதல் சனிக்கிழமை தேர்வு. தள்ளுகிறவர்கள் தனித்தனியாகத் தள்ளிக் காட்ட வேண்டும். முதலில் வருபவள் எந்த ஓட்டுகாரியின் பின்னால் உட்காருவது என்று தானே சொல்லலாம், அது எங்கள் சங்கத்து வழக்கம். நான்கு வருடமாக மரேன்தான் முதல். நான்கு வருடமாக அவள் சொன்னது என் பெயர். அவள் இல்லாமல் தேசிய அணிக்குள் நான் நுழைய முடியாது. எனக்கு வயது முப்பத்து மூன்று. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் வயதை எப்போதோ தாண்டிவிட்டேன்.

ஜூன் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வண்டியின் பிடியை அவள் பற்றியபோது விரல்களைப் பார்த்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மூன்றின் நுனியும் கன்னங்கரேல் என்று இருந்தன. நகத்தின் ஓரத்திலும் தோலின் வரிகளிலும் கறுப்பு இறங்கியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு அந்தக் கறுப்பு நன்றாகத் தெரியும். சறுக்குக் கம்பியை உப்புத்தாளால் மணிக்கணக்கில் தேய்த்தால் எஃகுத் தூள் அப்படித்தான் விரலில் ஏறும். ஒருத்தியின் கம்பியைத் தேய்க்க உட்காருகிறவள் அவளுடைய ஆள் என்று அர்த்தம். என் கம்பிகளை நாங்கள் அந்த வருடம் இன்னும் தொடவே இல்லை. அப்படியானால் இவள் தேய்த்தது யாருடைய கம்பியை?

“விரல்ல என்னடி?”

“எது? ஓ, இதுவா! போகவே மாட்டேங்குது. எலுமிச்சம்பழம் போட்டுக்கூடத் தேச்சுப் பாத்துட்டேன்.”

“எப்படி ஆச்சு?”

“அம்மா வீட்ல வேல. புதன்கிழம பயிற்சிக்கு வர மாட்டேன்னு சொன்னேன்ல?”

“எல்லாப் புதன்கிழமையுமா?”

“ஜூலை பாதி வரைக்கும். ஏன், அம்மாவப் பாக்கப் போறதுக்கு உனக்கு லீவு லெட்டர் எழுதணுமா?”

சிரித்துவிட்டுத் தள்ளப் போய்விட்டாள். நானும் சிரித்தேன். மேலே கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். அவள் அம்மா வீடு கீழே ஆற்றங்கரையில், பிர்னாவில் இருக்கிறது. டோர்ட்டேயின் வீடும் பிர்னாவில்தான். டோர்ட்டே எங்கள் சங்கத்தின் இன்னொரு ஓட்டுகாரி, என்னைவிட ஏழு வயது சின்னவள், வணக்கம் சொல்லும்போதே நம்மை அளவெடுக்கிற ரகம். புதன்கிழமைகளில் அவளும் பயிற்சிக்கு வருவதில்லை என்று அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அடுத்த புதன்கிழமை பிர்னாவுக்குக் காரை விட்டேன். வெட்கம்தான், சொல்லிவிடுகிறேன். டோர்ட்டேயின் கார் கொட்டகை உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. கதவோரம் நின்று காது கொடுத்தேன். எஃகின்மேல் உப்புத்தாள் போகும் சத்தம். ஒரு கை இல்லை, இரண்டு பேர் தேய்க்கிற சத்தம். எனக்கு அது போதுமானதாக இருந்தது. உள்ளே இருந்தது டோர்ட்டேயும் அவள் அப்பாவும் என்பது பிறகுதான் தெரிய வந்தது. ஒரு நிமிடம் கதவைத் தட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் பவ்லினாவுக்குப் போன் போட்டேன். ட்ரெஸ்டனில் ஓட்டப்பந்தயம் ஓடும் பெண், இருபத்தோரு வயது, தள்ளிப் பார்க்க ஆசை என்று வசந்தத்தில் எனக்கு எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை யாரும் இல்லாத நேரத்தில் வரச் சொன்னேன். அவள் மரேனைவிட உயரம். வண்டியின் பிடியை இரண்டு விரல் அளவு உயர்த்தினேன், ஆறு முறை தள்ள வைத்தேன், பிடியைப் பழையபடி இறக்கி வைத்தேன். பெண் சுமார்தான், மரேனுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாள். ஆனாலும் கையில் ஒருத்தி இருக்கட்டும் என்று பட்டது.

திங்கட்கிழமை மரேன் வந்தாள், பிடியைப் பற்றினாள், விட்டாள்.

“இத யாரு கழட்டுனது?”

“யாரும் தொடலையே.”

“என் கைக்குத் தெரியும் கரோலா. ஒரு மயிரிழ மேல இருக்கு.”

“சங்கத்து ஆளுங்க எண்ணெய் போட்டிருப்பாங்க.”

அவள் தானே திருகாணியைத் தளர்த்தி, சரிசெய்து, தள்ளினாள். அன்று அவள் ஓடிய நேரம் அந்தக் கோடையிலேயே சிறந்தது. நான் குறித்துக்கொண்டேன், பாராட்டவில்லை.

ஜூலை நடுவில், கடைசிப் புதன்கிழமைக்கு மறுநாள், ஒரு கண்ணாடிச் சாடியை என் கார்மேல் வைத்தாள். உள்ளே தடித்த பாகில் கறுப்பாக என்னமோ மிதந்தது.

“அம்மா உனக்குக் குடுத்து விட்டாங்க. பாலாடைக்கட்டியோட தின்னு.”

“என்ன இது?”

“வால்நட். ஓடு கட்டுறதுக்கு முன்னாடி பச்சையாப் பறிச்சு, ஊசியால குத்தி, ரெண்டு வாரம் தண்ணி மாத்தி மாத்தி ஊறவெச்சு, அப்புறம் பாகு காய்ச்சணும். அம்மாவுக்குக் கைல வாதம், ஊசி பிடிக்க முடியல. அதான் நான் போனேன். பாரு, இன்னும் கறை போகல.” மூன்று விரல்களையும் என் முன்னால் நீட்டினாள்.

எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரியைக் கேட்டிருந்தாலும் அந்த விரலைப் பார்த்ததும் வால்நட் கறை என்று சொல்லியிருப்பாள். எஃகுத் தூள் சோப்புப் போட்டால் போய்விடும், அது எனக்கும் தெரியும். தெரிந்தும் எனக்குக் கம்பிதான் தோன்றியது. அந்த இடத்திலேயே ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாடியை எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை மரேன்தான் முதல். இரண்டாவது வந்தவள் பக்கத்தில்கூட இல்லை. கோச் லிப்மான் பேனாவோடு அவள் பக்கம் திரும்பினார்.

“யாரு பின்னாடிம்மா? வழக்கம்போலத்தானே?”

“டோர்ட்டே,” என்றாள்.

கோச்சின் பேனா தாளின்மேல் அப்படியே நின்றது. மரேன் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். கார் நிறுத்துமிடம் வரைக்கும் அவள் பின்னால் ஓடினேன்.

“ஏன்டி, நான் என்ன பண்ணேன்?”

“பவ்லினா.”

“ஒரே ஒரு நாள். அதுவும் நீ டோர்ட்டேகிட்டப் போயிட்டேன்னு நெனச்சு...”

“கேட்டிருக்கலாம்ல?”

“அவ உன்ன எப்போ கூப்ட்டா?”

“இப்பவும் உனக்கு அதான் தெரியணும்.” அவள் சிரிக்கவில்லை. “ஜூலை கடைசில. பவ்லினா போய் அவகிட்ட உளறுன மறுநாளு. அதுக்கு முன்னாடி நாலு வருஷத்துல ஒரு தடவகூடக் கூப்ட்டதில்ல. கூப்ட்டாலும் நான் வர மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்.”

“தப்புதான் மரேன். மன்னிச்சிடு. இனிமே இப்படி நடக்காது.”

“எனக்குக் கோவம் இல்ல. கோவமா இருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு உன் பின்னாடியே ஏறியிருப்பேன். நீ முன்னாடி இருக்க, உனக்குப் பாதை தெரியும். நான் ஏறுனதும் தலையக் கவுத்துக்கிறேன். கீழ வந்து சேர்ற வரைக்கும் என் முட்டியத் தவிர எனக்கு ஒண்ணும் தெரியாது. நாலு வருஷமா அந்த ஒரு நிமிஷத்துல உன்மேல எனக்குச் சந்தேகமே வந்ததில்ல. இனிமே வரும். அதோட என்னால குனிய முடியாது கரோலா.”

கதவைச் சாத்திக் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். நான் அங்கேயே நின்று அழுதேன்.

கோச் தாளை எடுத்துக்கொண்டு தேடி வந்தார். பவ்லினாவும் அன்று தேர்வில் தள்ளியிருந்தாள், மற்றவர்கள் வேறு ஓட்டுகாரிகளைச் சொல்லியாகிவிட்டது, வேறு யார் மிச்சம்? பவ்லினா என்று எழுதச் சொன்னேன். அந்தப் பெண் ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “உங்கள நம்பித்தான் வந்தேன்,” என்றாள். கண்ணெல்லாம் சந்தோஷம். டோர்ட்டேயிடம் போய்ச் சொன்னவள் இவள்தானே, நாளைக்கு என்னைப் பற்றி என்ன சொல்வாளோ என்றுதான் அப்போதும் எனக்குத் தோன்றியது.